சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி

"உனக்கு வேற ஒரு பேரு வெச்சுக்கலாம்னு சொன்னா, என்ன பேரு வெச்சுக்குவ?"

தென்றல் அக்கா என்னிடம் இதைக் கேட்டபோது நான் பீங்கான் பியூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். அச்சிலிருந்து எடுத்த கட்டையில் ஒரு வரி துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் துடைத்துச் சமமாக்குவதுதான் என் வேலை. பத்தாவது முடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து இதைத்தான் செய்கிறேன். இதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அக்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். பொங்கல் கழிந்து எங்கள் செராமிக் யூனிட்டுக்கு வந்தார். ஷெட்டுகளின் சுவர்களில், உள்ளேயும் வெளியேயும், சோப்புப் பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார். சூளைக்குப் போகும் டிராலிகளின் அடியில் காசு அளவு வில்லைகளை ஒட்டினார். எங்கள் எல்லோர் கையிலும் கறுப்பு ரப்பர் பட்டை கட்டிவிட்டார். பட்டைக்குள் ஒரு சின்ன வில்லை இருக்கிறதாம். பெட்டி அதைக் கூப்பிட்டால் அது பதில் சொல்லுமாம். சூளை வெக்கையில் யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த டிராலி எங்கே இருக்கிறது என்று கம்பி இல்லாமலே கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் உண்மைப் பெயர் ஆராய்ச்சியில் வரக் கூடாது என்று அக்காவுக்கு விதி. அதனால் ஆளுக்கொரு மாற்றுப் பெயர். அதைக் காதில் வந்து சொல்லச் சொன்னார்.

"காதுல என்னாத்துக்கு கண்ணு? நாங்க என்னா தங்கமா கடத்துறோம்?" என்று மாரியம்மாள் அக்கா ஷெட்டே கேட்கிற மாதிரி சொன்னார். "என்னைய கலெக்டருன்னு போடு. எழுத்துலயாவது ஒரு நாளு இருந்துட்டுப் போறேன்."

"யக்கா, சத்தமா சொன்னா ரகசியம் போச்சுல்ல?" என்றார் தென்றல் அக்கா.

"போனாப் போவுது. என்னையத் தெரியாதவங்க இங்க யாரு இருக்கா?"

அப்புறம் யாரும் காதில் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருவர் பெயரை இன்னொருவர் மாற்றச் சொன்னார்கள். டிராலி தள்ளுகிற கொளஞ்சிநாதன் வாசலில் நின்றபடியே, "ஜங்ஷன்னு போடுங்க மேடம். எல்லா வண்டியும் நம்மகிட்டதான வந்து நிக்குது" என்றான்.

என் முறை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. "எதுவும் வேணாங்க" என்றேன்.

அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 'வேணாம்' என்று கம்ப்யூட்டரில் தட்டினார். அன்றிலிருந்து என்னைத் தேடுகிறவர்கள், "வேணாம் எங்கடி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கொளஞ்சிநாதன் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. அவன் எங்கள் ஷெட்டைத் தாண்டிப் போகும்போது, "காவியா, சாப்டாச்சா? ஆச்சு. சரி, சரி" என்று கேள்வியும் பதிலும் அவனே சொல்லிவிட்டுப் போவான். எனக்குப் பேச்சு வராது என்பதை அவன் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. என் பங்கையும் சேர்த்து அவனே பேசினான். வேறு யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. டிராலிச் சக்கரத்தின் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே என் கை பஞ்சை விட்டுவிடும்.

அக்காவின் கம்ப்யூட்டர் எங்கள் ஷெட்டின் பின்சுவரை ஒட்டிய மேஜையில் இருந்தது. யூனிட்டிலேயே ஒழுங்காக வேலை செய்கிற பிளக் பாயின்ட் அங்கேதான். அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் என் இடமும். மத்தியானம் எல்லோரும் வேப்ப மரத்தடிக்குச் சாப்பிடப் போவார்கள். நான் போகமாட்டேன். அங்கே போனால் ஏதாவது கேட்பார்கள். அக்காவுக்கு அவர்கள் பேச்சைக் கேட்கப் பிடிக்கும். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் சொல்வார்.

"செவப்பா ஏதாச்சும் எரிஞ்சா மட்டும் வந்து கூப்பிடு காவியா. மத்தபடி தொட வேணாம்."

திரையில் யூனிட்டின் வரைபடம் இருக்கும். கட்டங்கள் ஷெட்டுகள். கட்டங்களுக்கு இடையில் பச்சைப் புள்ளிகள், பக்கத்தில் பெயர்கள். வேப்ப மரத்தடியில் எல்லாப் புள்ளியும் மொய்த்துக் கிடக்கும். கலெக்டர் நடுவில் இருப்பார். நான் ஒரே ஒரு புள்ளியைத்தான் தேடுவேன். ஜங்ஷன் சூளைப் பக்கம் போகும், தண்ணீர்க் குழாய்க்கு வரும், மரத்தடிக்குப் போகும். நான் சோற்றைப் பிசைந்தபடி அதன் பின்னாலேயே போய்வருவேன். நேரில் அவனை ஒரு விநாடிக்கு மேல் நிமிர்ந்து பார்த்ததில்லை. புள்ளியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அக்கா எனக்குச் சில விஷயங்களைச் சொல்லியிருந்தார். சுவரிலுள்ள பெட்டிகள் சின்ன பேட்டரியில் ஓடுகின்றன. எப்போதும் விழித்திருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் தூங்கும். நடுநடுவே விழித்து, "யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்கும். முன்பு இருந்தவர்களே இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் தூங்கப் போகும். ஆள் மாறினால் உடனே சுறுசுறுப்பாகிவிடும். நகராத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்பது வீண் செலவு. இந்தக் கணக்கைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அக்காவின் ஆராய்ச்சியில் பாதி.

"என் வூட்டுக்காரரும் இப்பிடித்தான் தூங்குறாரு" என்றார் மாரியம்மாள் அக்கா. "அவரை வெச்சு யாரும் ஆராய்ச்சி பண்ணலியே."

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் அது நடந்தது.

அன்று மத்தியானம் ஜங்ஷன் மரத்தடியில் இல்லை. சூளையிலும் இல்லை. தேடினேன். எங்கள் ஷெட்டின் பின்பக்கம், வெளிச்சுவரை ஒட்டி நின்றது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த அதே சுவர்.

அந்தப் பக்கம் யாரும் போகிற இடம் இல்லை. உடைந்த பிளாஸ்டர் அச்சுகளைக் கொட்டுகிற இடம். அதைத் தாண்டினால் கருவேலம். என்னவோ வேலையாகப் போயிருப்பான் என்று நினைத்தேன். புள்ளி நகரவில்லை. எல்லோரும் கை கழுவிக்கொண்டு திரும்பி வரும்வரை அங்கேயே நின்றது.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும்.

எல்லோரும் மரத்தடிக்குப் போன பிறகு நான் மட்டும் உள்ளே இருப்பேன் என்பது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். சுவரில் ஜன்னல் இல்லை. தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் காற்றுக்காக நாலைந்து ஓட்டைகள். அதன் வழியாக வெயில் மட்டும் வரும். நான் எழுந்து சுவரருகே போய் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அவனுக்கும் என்னைப் போலவே வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஊரெல்லாம் பேசுகிறவனுக்கு இங்கே வந்தால் பேச்சு வரவில்லை. அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

அதன் பிறகு மத்தியானங்கள் மாறிவிட்டன. காலையிலேயே பின்னலை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தேன், சுவர் பார்க்காது என்று தெரிந்தும். சாப்பிடும் இடத்தைச் சுவரை ஒட்டி மாற்றிக்கொண்டேன். டம்ளரைக் கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி வைத்தேன். நான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? ஒருநாள் மிக மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தேன். எனக்கே அது கேட்டதும் நிறுத்திவிட்டேன். இன்னொரு நாள் உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். அந்தப் பக்கத்து வெயிலில் சுவர் சூடாக இருந்தது. அந்தச் சூடு எல்லாம் வெயிலுடையதுதானா என்று யோசித்தேன்.

டிராலியோடு போகும்போது அவன் எப்போதும்போல, "சாப்டாச்சா? ஆச்சு" என்றுதான் போனான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மறைக்கிறான் என்று நினைத்தேன். நன்றாக மறைக்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நாட்களில் தென்றல் அக்காவும் சந்தோஷமாக இருந்தார். அவர் பார்ப்பது புள்ளிகளை அல்ல, பேட்டரிக் கணக்கைத்தான். வெளிச்சுவரில் இருந்த பெட்டியின் பேட்டரி குறையவே இல்லை. மற்றப் பெட்டிகளைவிட அது பல மடங்கு சிக்கனமாக ஓடியது.

"சமர்த்து" என்று திரையைத் தட்டிக் காட்டினார். "நான் சொல்லிக்குடுத்ததை இதுதான் கரெக்டா புரிஞ்சுக்கிச்சு. இந்தப் படத்தைத்தான் கட்டுரையில முதல்ல போடப் போறேன்."

படத்தில் மற்றக் கோடுகள் எல்லாம் சரிந்துகொண்டே வந்தன. அந்தப் பெட்டியின் கோடு மட்டும் நேராகப் போனது. அக்கா அதைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. நானும் அந்தச் சுவரைப் பற்றி அப்படித்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ராஜாங்கம் மேஜையருகே வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"மேடம், யாரு எத்தினி வாட்டி வெளிய போறாங்க, எவ்ளோ நேரம் நிக்கிறாங்கன்னு இதுல எடுக்கலாமா?"

"எடுக்கலாம் சார்" என்றார் அக்கா. "அதனாலதான் எடுக்க முடியாமப் பண்ணப் போறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்கா சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பட்டைகள் ஒரே எண்ணைச் சொல்லாது என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் சொல்லும். அந்த எண்ணைப் பிரித்துப் படிக்கிற சாவி வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் அது யாருடைய பட்டை என்று தெரியும். சாவி பல்கலைக்கழகத்தில் இருக்கும். திரையில் புள்ளி வரும், பெயர் வராது.

"உங்களுக்கும் தெரியாதாக்கா?"

நான் கேட்டதே அவருக்கு ஆச்சரியம். திரும்பிப் பார்த்தார்.

"தெரியவே கூடாது. ஒருத்தர் எங்க நிக்கறாங்கங்கறது அவங்க விஷயம். அதைப் பாத்துக்கிட்டே இருக்க எனக்கு என்ன உரிமை இருக்குது?"

என் முகம் சுட்டது. குனிந்து கட்டையைத் துடைத்தேன்.

அப்படியானால் சனிக்கிழமை கடைசி. திங்கட்கிழமை மத்தியானம் சுவருக்குப் பின்னால் ஒரு புள்ளி நின்றாலும் அது அவன்தான் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவன் வந்து நின்றான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனியும் சொல்லாவிட்டால் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்து வருவதை நிறுத்திவிடுவான். போய்ப் பார்த்துவிட வேண்டும். என்ன சொல்வது என்று வீட்டில் யோசித்தேன். "வெயில்ல நிக்காதீங்க." இது போதும். இதைச் சொல்ல எனக்கு முடியும். பாத்திரம் துலக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் போனார்கள். ஜங்ஷன் சுவருக்குப் பின்னால் நின்றது. நான் சோற்றைத் திறக்கவில்லை. எழுந்து வெளியே வந்து ஷெட்டைச் சுற்றி நடந்தேன். உடைந்த அச்சுகள் காலடியில் நொறுங்கின. அவனுக்குக் கேட்கும், அவன் திரும்புவான், நான் உடனே சொல்லிவிட வேண்டும். மூலையைத் திரும்பினேன்.

யாரும் இல்லை.

வெள்ளைப் பெட்டி சுவரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் கறுப்பு ரப்பர் பட்டை தொங்கியது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் எங்காவது இருப்பான், கழற்றி மாட்டிவிட்டுப் போயிருப்பான் என்று கருவேலம் பக்கம் பார்த்தேன். ஒரு ஆடு நின்றது. அதற்குள் மாரியம்மாள் அக்கா ஒரு கூடை உடைசலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இங்க என்னாடி பண்ற வெயில்ல?"

நான் பட்டையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அதுவா? கொளஞ்சியோடது. கொளஞ்சியப்பருக்குக் காவடி எடுக்கறான்ல. காப்புக் கட்டுன கையில ரப்பரு, தோலு எதுவும் ஆவாதாம். கேட்டுல வரப்ப சட்டைப் பையில வெச்சிட்டு வந்து இங்க மாட்டிட்டுப் போயிடுவான். சாயங்காலம் எடுத்துக்குவான்."

"நாள் பூராவா?"

"ஆமா, காப்புக் கட்டுன நாள்லேருந்து. பொட்டிக்குப் பக்கத்துலயே இருந்தா பொட்டி தன்னையத் தேடாதுன்னு ஒரு அறிவு அவனுக்கு." கூடையைக் கவிழ்த்தார். "ஆனா மத்தியானத்துக்கு எங்களோட ஒக்காந்து மோரு குடிக்கிறான். நீதான் அந்தப் பக்கமே வரமாட்டியே."

அவர் போய்விட்டார். மத்தியானம் மட்டும்தான் நான் திரை பார்ப்பேன். மத்தியானம் மட்டும்தான் அவன் இங்கே நிற்கிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான் டம்ளர் வைத்த சத்தத்தை ஓர் ஆணி கேட்டிருக்கிறது. நான் பாடியதையும்.

திரும்பிப் போக நினைத்தபோது அவனே வந்தான். வெறுங்கால். தாடி வளர்ந்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மோர்ச் சொம்பைக் கழுவிக் கையில் வைத்திருந்தான். மாரியம்மாள் அக்கா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"என்னா காவியா, பட்டை விழுந்துடுச்சா? இல்ல, இருக்குது. சரி." வழக்கம்போல அவனே கேட்டு அவனே சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, "மேடம்கிட்ட சொல்லிடாத. திட்டுவாங்க. நாளைக்கு உத்திரம் முடிஞ்சா திங்கட்கிழம கையில கட்டிக்குவேன்" என்றான்.

அவன் போகத் திரும்பினான். வெயில்ல நிக்காதீங்க என்று சொல்ல வேண்டிய ஆள் இப்போதுதான் வெயிலில் நின்றான். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. வேறு வந்தது.

"நீங்கன்னு நெனச்சேன்."

"என்னா?"

"கம்ப்யூட்டர்ல. தெனமும் சோறு திங்கற நேரத்துல நீங்க இங்க நிக்கறதா காட்டும். நான் உள்ள இருப்பேன். நீங்கதான் வந்து நிக்கறீங்கன்னு நெனச்சேன்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. அவன் சுவரைப் பார்த்தான். மேலே காற்று ஓட்டைகளைப் பார்த்தான். அந்தப் பக்கம் என் இடம் எங்கே என்று கணக்குப் போடுகிறான் என்று தோன்றியது. இந்தத் தடவை என் பங்குக்கும் சேர்த்துப் பேச அவனிடம் எதுவும் இல்லை. நான் நொறுங்குகிற அச்சுகளின் மேல் வேகமாக நடந்து உள்ளே வந்துவிட்டேன்.

தென்றல் அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மாரியம்மாள் அக்கா நாலு பேர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்திருந்தார். அக்கா பின்பக்கம் போய் ஆணியைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நேராகப் போகிற அந்தக் கோட்டைத் திரையில் திறந்தார்.

"என் சமர்த்துப் பொட்டி இவ்ளோ நாளா ஒரு ஆணியைப் பாத்துக்கிட்டுத் தூங்கியிருக்குது" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அது மேல தப்பில்ல. இருக்கீங்களான்னு கேட்டுச்சு. இருக்கேன்னு பதில் வந்துச்சு. யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க."

அந்த நாட்களின் கணக்கை எல்லாம் நீக்கினார். கோடு பாதியில் அறுந்து நின்றது.

திங்கட்கிழமை திரையில் பெயர்கள் இல்லை. எல்லாப் புள்ளியும் ஒரே சாம்பல் நிறம். கலெக்டர் இல்லை, வேணாம் இல்லை, ஜங்ஷன் இல்லை. காலையில் டிராலி எங்கள் ஷெட்டைத் தாண்டிப் போனது. நான் நிமிரவில்லை. சக்கரம் ஒரு கணம் மெதுவானது போல இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு சக்கரம் போய்விட்டது. அவன் பேசுவதை நான் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. இரண்டு பேர் பேச்சையும் தானே பேசி நடத்திவந்தவனிடம் என் பேச்சை நானே பேசிவிட்டேன்.

மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸை எடுத்தார். "நீயும் வாயேன் இன்னைக்கு" என்றார். தலையாட்டி மறுத்தேன். எல்லோரும் போன பிறகு திரையைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கண் போனது. மரத்தடியில் சாம்பல் புள்ளிகள் குவிந்து கிடந்தன. அதிலிருந்து ஒன்று பிரிந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போகும் என்று நினைத்தேன். குழாயைத் தாண்டியது. ஷெட்டின் மூலைக்கு வந்தது.

அப்போது வெளியே பிளாஸ்டர் அச்சு நொறுங்குகிற சத்தம் கேட்டது.

இத்தனை நாளும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை. இது ஆள். செருப்புப் போட்ட கால். உத்திரம் முடிந்துவிட்டது, அவனும் இன்று செருப்புப் போட்டிருக்கலாம். ஓர் அடி வைத்தது, நின்றது. இன்னொரு அடி வைத்தது. சுவரருகே வந்து நின்றது. திரையில் புள்ளியும் அங்கேதான் இருந்தது. அது யார் என்று திரை சொல்லாது. அக்காவைக் கேட்டாலும் தெரியாது.

நான் எழுந்து சுவரருகே போனேன். மேலே ஓட்டைகளில் வெயில் மட்டும் இருந்தது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஒருவேளை அது என் மூச்சாகவும் இருக்கலாம். அவன் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டுவிட்டு அவனே பதில் சொல்லிக்கொண்டாலும் போதும் என்று இருந்தது. எதுவும் வரவில்லை. அப்போதுதான் இது என் முறை என்று உறைத்தது.

"நான் உள்ளதான் இருக்கேன்" என்றேன்.

குரல் ஓட்டை வழியாகப் போயிருக்கும். அந்தப் பக்கம் ஒரு கால் இடம் மாறியது. அச்சுத் துண்டு ஒன்று மெல்ல உடைந்தது. நான் சுவரில் கை வைக்கவில்லை. வைத்தால் அந்தச் சூட்டை மறுபடியும் நம்பிவிடுவேன். நின்றுகொண்டே இருந்தேன். அந்தப் பக்கமும் நின்றுகொண்டே இருந்தது.

பிறகு செருப்புச் சத்தம் திரும்பியது. அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியாக, நொறுங்க நொறுங்க, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூலையைத் தாண்டிப் போனது.